மணிமுடிகளின் கதை – 9: முடி தரிக்காத நிஜாம்கள்

1911 டிசம்பர் 12. தில்லி நகருக்கு வடக்கே இருந்த பெருந்திடலில் தர்பார் கூடியிருந்தது. மேடையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், அருகில் ராணி மேரி. மன்னர் தலையில் இருந்தது புத்தம் புதிய கிரீடம். லண்டன் கோபுரத்தில் உள்ள அரச கிரீடங்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை என்பதால், இந்த ஒரு பயணத்துக்காகவே கேரார்டு நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. விலை 60,000 பவுன். அந்தப் பணம் இந்தியக் கஜானாவிலிருந்து போனது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்களும், அவற்றுக்கிடையே மரகதமும் கெம்பும் நீலக்கல்லும் பதித்த அந்தக் கிரீடம் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான எடை. வெகுநேரம் சுமந்ததில் தலை வலித்ததாக மன்னரே நாட்குறிப்பில் எழுதினார். அன்றைக்குப் பிறகு அதை எந்த அரசரும் தலையில் வைக்கவில்லை.

அந்தக் கிரீடத்தின் முன்னால் இந்திய மன்னர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். முதலில் வந்தவர் ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். வயது 25. தந்தை மஹ்பூப் அலி கான் காலமாகி மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தொரு குண்டு மரியாதைக்கு உரிய சமஸ்தானங்களில் மூத்த இடம் ஐதராபாத்துக்கு. அதனால் முதல் வணக்கமும் அவருடையது. அடுத்து வந்தார் பரோடாவின் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். நகைகள் இல்லாமல் எளிய உடையில் வந்தவர், ஒரே ஒருமுறை தலைதாழ்த்திவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். லண்டன் பத்திரிகைகள் கொந்தளித்தன. கற்களை அணிவதற்கு ஒரு பொருள் இருந்த சபையில், அணியாமல் வந்ததற்கும் பொருள் உண்டென்று எல்லோருக்கும் புரிந்தது.

சென்ற இதழில் கொற்கை முத்துக்களைச் சொன்ன இத்தொடர், இந்த இதழில் ஐதராபாத்துக்கு வருகிறது. ஐரோப்பிய மணிமுடிகளிலும் செங்கோல்களிலும் ஒளிவிடும் பெருவைரங்களில் பலவும் இந்தத் தக்காண மண்ணில் பிறந்தவை. ஆனால் அந்த மண்ணை ஆண்ட நிஜாம்கள் முடி தரித்ததே இல்லை.

தலைப்பாகையில் இருந்த அரசு

1724இல் ஐதராபாத் அரசை நிறுவிய நிஜாமுல் முல்க் முதலாம் ஆசஃப் ஜா, நடைமுறையில் தனி அரசர். பேரளவில் முகலாயப் பேரரசரின் தக்காண சுபேதார். தில்லியின் கை தளர்ந்து போன பின்பும் இந்த மரபை அவருடைய வாரிசுகள் விடவில்லை. 1857 கிளர்ச்சி வரை ஐதராபாத் நாணயங்களில் முகலாயப் பேரரசரின் பெயரே பொறிக்கப்பட்டது. பேரரசரின் பெயரால் ஆளுகிறவர் தனக்கென்று ஒரு முடி செய்து சூடிக்கொள்ள முடியாது. முகலாயர்களும் தங்கள் அரசுரிமையைத் தலைப்பாகையிலேயே காட்டினார்கள். தக்காணத்திலும் அதுவே வழக்கமாயிற்று.

தஸ்தார் என்னும் தலைப்பாகையும், அதன் நெற்றிப் பக்கத்தில் கட்டப்படும் சர்பேச் என்னும் நகையும்தான் இங்கே மணிமுடியின் இடத்தில் இருந்தன. தொடக்கத்தில் அது ஒரு பறவையின் இறகு. இறகின் நுனியில் ஒரு முத்தைத் தொங்கவிடுவார்கள். அதன் கனத்தில் இறகு அழகாக வளைந்து நிற்கும். பிறகு அந்த இறகின் வடிவத்தையே தங்கத்தில் செய்து கற்களைப் பதித்தார்கள். கல்கி, துர்ரா, ஜிகா என்று வகைகள் பெருகின. ஆளாளுக்கு வாங்கி அணிந்துகொள்ளும் நகை அல்ல இது. அரசர் அணிவார், அவர் யாருக்கு வழங்குகிறாரோ அவர் அணியலாம். பட்டமும் ஜாகீரும் யானையும் வழங்கும் அதே சபையில் சர்பேச்சும் வழங்கப்பட்டது. ஒரு பிரபுவின் தலைப்பாகையைப் பார்த்தால் அரசவையில் அவருடைய இடம் எதுவென்று தெரிந்துவிடும்.

நிஜாம்களின் சர்பேச் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தக் கலையின் நுட்பம் விளங்கும். நெற்றியின் வளைவுக்கு ஏற்ப அது பல துண்டுகளாகச் செய்யப்பட்டு கீல்களால் இணைக்கப்பட்டிருக்கும். இரு ஓரங்களிலும் பட்டுக் கயிறு கோக்கச் சிறு வளையங்கள். நடுவில் மேல்நோக்கி எழும் கிளை, அதன் நுனியில் பெரும்பாலும் ஒரு மரகதத் தொங்கல். கற்களைப் பிடித்துக்கொள்ளப் பற்கள் கிடையாது. குழியில் அரக்கை நிரப்பி, அதன்மேல் பளபளக்கும் மெல்லிய அடித்தகட்டை வைத்து, கல்லை அமர்த்தி, சுற்றிலும் சொக்கத் தங்க இழையை வைத்து அழுத்தி அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். குந்தன் வேலை என்பது இதுதான். தங்கம் மிகத் தூய்மையாக இருப்பதால் நெருப்பு இல்லாமலே, கையழுத்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் பார்த்தால் பின்புறம் முழுக்கச் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக எனாமல் பூவேலை. தலைப்பாகையோடு ஒட்டியிருக்கும் அந்தப் பக்கத்தை அணிகிறவரைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கேயும் ஒரு தோட்டத்தை வரைந்து வைத்தார்கள் அந்தக் கைவினைஞர்கள்.

கிருஷ்ணைக் கரையின் கற்கள்

கோல்கொண்டா வைரம் என்று உலகம் சொன்னாலும் கோல்கொண்டாக் கோட்டைக்குள் வைரம் தோண்டியதில்லை. கோட்டை சந்தையாக இருந்தது. அதை ஒட்டிய கார்வான் பகுதியில் வணிகர்களும் பட்டை தீட்டுகிறவர்களும் இருந்தார்கள். வைரம் கிடைத்தது கிருஷ்ணை நதிக்கரையில், கொல்லூர் போன்ற ஊர்களில். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, போர்னியோவில் கிடைத்த சிறிதளவு நீங்கலாக, உலகச் சந்தைக்கு வந்த வைரமெல்லாம் இந்திய வைரம்தான். கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், குழந்தைகள் என்று 60,000 பேர் வேலை செய்ததாக பிரெஞ்சு வணிகர் ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே எழுதியிருக்கிறார். ஆண்கள் தோண்ட, பெண்களும் பிள்ளைகளும் மண்ணைச் சுமந்தார்கள். கிடைக்கும் கற்களில் குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்டவை சுல்தானுக்கே உரியவை.

தக்காணத்து வைரச் சந்தையில் விலை பேசிய விதத்தையும் தவெர்னியே பதிவு செய்திருக்கிறார். விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் தம் இடுப்புத் துணியை விரித்துப் போட, அதன் அடியில் இருவர் கைகளும் சேரும். முழுக் கையையும் பற்றினால் ஆயிரம். ஐந்து விரல்களையும் பிடித்தால் ஐந்நூறு. ஒரு விரல் நூறு. விரலின் நடுக்கணு வரை தொட்டால் ஐம்பது. நுனி மட்டும் என்றால் பத்து. வாய் திறக்காமல், சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாமல் விலை முடிந்துவிடும்.

இந்த வைரங்களின் சிறப்பு அவற்றின் நீரோட்டம். நைட்ரஜன் ஏறக்குறைய முற்றிலும் இல்லாத தூய கார்பன் என்று இன்றைய அறிவியல் அதற்குக் காரணம் சொல்கிறது. மஞ்சள் சாயல் துளியும் இல்லாமல் தெளிந்த நீரைப் போல் இருக்கும். உலகின் ஏலக்கூடங்களில் இப்போதும் கோல்கொண்டா என்ற பெயருக்குத் தனி விலை உண்டு.

அரசியலிலும் இந்தக் கற்கள் பேசின. கோல்கொண்டாவின் அமைச்சராகவும் பெரும் வைர வணிகராகவும் இருந்த மீர் ஜும்லா, 1650களின் நடுவில் சுல்தானோடு பிணங்கி முகலாயர் பக்கம் சேர்ந்தார். ஷாஜஹானுக்கு அவர் கொண்டுபோன காணிக்கை ஒரு பெரிய வைரம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1687இல் ஔரங்கசீப் எட்டு மாத முற்றுகைக்குப் பின் கோல்கொண்டாவையே பிடித்துக்கொண்டார். குதுப் ஷாஹி மரபு அதோடு முடிந்தது.

மூன்று வைரங்கள், மூன்று அரசுகள்

கிருஷ்ணைக் கரையிலிருந்து ஒரு வைரம் சென்னை வழியாக பிரான்ஸ் போனது. அன்றைய மதராஸ் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வணிகரிடமிருந்து 1702 வாக்கில் 410 கேரட் கல்லொன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். மகன் ராபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். இரண்டாண்டு வேலைக்குப் பின் பட்டை தீட்டி முடித்தபோது எஞ்சியது 140.64 கேரட். 1717இல் பிரான்சின் ரீஜென்டாக இருந்த ஆர்லியன்ஸ் பிரபு அதை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். 1722இல் பதினைந்தாம் லூயியின் முடிசூட்டு விழாவில் கிரீடத்தின் முன்பக்கம் அது இருந்தது. 1804இல் நெப்போலியன் முடிசூடியபோது அதைத் தம் வாளில் பதித்திருந்தார். பிறப்பால் அரசரானவருக்கு முடியிலும், போரால் அரசரானவருக்கு வாளிலும் அந்தக் கல் இடம்பெற்றது. வைரம் விற்ற பணத்தில் செழித்த பிட் குடும்பத்திலிருந்து இங்கிலாந்துக்கு இரண்டு பிரதமர்கள் வந்தார்கள்.

இரண்டாவது வைரத்துக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று சொல்லப்படுகிறது. ரஷ்யப் பேரரசின் செங்கோல் உச்சியில் இருக்கும் ஆர்லோவ் வைரம், 189.62 கேரட், திருவரங்கம் கோயில் திருமேனியின் கண்ணாக இருந்ததாகவும், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த ஒருவன் அதைத் திருடிப் போனதாகவும் ஒரு கதை ஐரோப்பாவில் நெடுங்காலமாக உலவுகிறது. முகலாயரின் கருவூலத்திலிருந்து போனது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. வந்த வழி எதுவானாலும், 1774இல் கிரிகோரி ஆர்லோவ் பிரபு அதைப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குக் காணிக்கையாக்கினார். பேரரசி அதைச் செங்கோலில் வைத்தார். இந்தியாவில் செய்த பட்டை வேலையை மாற்றாமல் அப்படியே வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது கோஹினூர். 1739இல் நாதிர் ஷாவோடு பாரசீகம் போய், ஆப்கானியர் கைமாறி, 1813இல் ரஞ்சித் சிங்கிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைப் புஜத்தில் அணிந்தார். 1849 லாகூர் உடன்படிக்கையில், பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கின் பெயரால் அதை ஆங்கிலேயர் எழுதி வாங்கினார்கள். 1851 லண்டன் கண்காட்சியில் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அவர்கள் எதிர்பார்த்த மினுமினுப்பு அதில் இல்லை. கல்லின் எடையைக் காப்பது இந்தியப் பட்டறையின் மரபு. ஒளிச்சிதறலைக் கூட்டுவது ஐரோப்பாவின் மரபு. 1852இல் மறுபடி வெட்டினார்கள். 186 கேரட் 105.6 கேரட்டாகச் சுருங்கியது. பின்னர் 1902, 1911, 1937 என்று மூன்று ராணிகளின் கிரீடங்களில் அது ஏறியது. ஆண்கள் அணிந்தால் ஆகாது என்ற நம்பிக்கையும் உடன் சேர்ந்துகொண்டது. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது ராணி கமிலாவின் கிரீடத்தில் கோஹினூரை வைக்கவில்லை. ஒரு காலத்தில் வெற்றியின் அடையாளமாகக் காட்டப்பட்ட கல், இப்போது காட்டத் தயங்க வேண்டிய கல்லாகிவிட்டது.

சூரியனும் சனியும்

பொருள் இருந்தது வைரத்துக்கு மட்டுமல்ல, மற்ற மணிகளுக்கும்தான். தமிழர்களுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைகளில் நவமணிகளின் நிறையையும் குறையையும் விரிவாகவே சொல்கிறது. சோதிட மரபில் மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, பவளம் செவ்வாய்க்கு, மரகதம் புதனுக்கு, புஷ்பராகம் குருவுக்கு, வைரம் சுக்கிரனுக்கு, நீலம் சனிக்கு, கோமேதகமும் வைடூரியமும் ராகு கேதுவுக்கு. நவரத்தின நகையில் மாணிக்கத்தை நடுவில் வைப்பார்கள். கோள்களின் நடுவே சூரியன். மக்களின் நடுவே அரசன். இந்து மன்னர்கள் மட்டுமல்லாமல் முகலாயர்களும் நவரத்தினப் புஜக்கட்டுகளை அணிந்தார்கள்.

ஒரே கல் இரு நாடுகளில் நேர் எதிரான பொருள் தருவதும் உண்டு. பிரிட்டனின் அரச கிரீடத்தின் உச்சியில் உள்ள சிலுவையில் புனித எட்வர்டின் நீலக்கல் இருக்கிறது. அங்கே நீலம் விண்ணுலகின் நிறம், புனிதத்தின் அடையாளம். நம் நாட்டில் நீலக்கல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கே ஜாதகத்தைப் புரட்டுவார்கள். சனியின் கல் யாருக்கு ஒத்துப்போகும், யாரைக் கவிழ்க்கும் என்று சொல்ல முடியாது என்பது இங்குள்ள அச்சம்.

மரகதம் நெடுந்தொலைவிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொலம்பியாவின் மலைகளில் தோண்டியெடுத்த பச்சைக் கற்கள், கடல்களைக் கடந்து கோவா வழியாக இந்திய அரசவைகளுக்கு வந்தன. ஐரோப்பாவை விட இங்கே அவற்றுக்கு மதிப்பு அதிகம். பச்சை இஸ்லாத்தின் புனித நிறம். பெரிய மரகதங்களின் மேல் பூங்கொடிகளையும் தொழுகை வாசகங்களையும் செதுக்கினார்கள். அப்படி 1695–96ஐக் குறிக்கும் ஹிஜ்ரி ஆண்டோடு ஷியா மரபின் வேண்டுதலைப் பொறித்த 217.80 கேரட் மரகதம் ஒன்று இப்போது கத்தார் நாட்டின் தோஹாவில் இருக்கிறது. ஷியா மரபு வேரூன்றியிருந்த தக்காணத்தோடு அதை இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

சிவப்புக் கற்களில் முகலாயர் பெரிதும் விரும்பியது படக்ஷான் மலைகளில் கிடைத்த ஸ்பினல். கெம்பைப் போலவே சிவந்திருக்கும், ஆனால் வேறு கனிமம். 1783இல்தான் அறிவியல் இரண்டையும் பிரித்தது. பிரிட்டன் கிரீடத்தின் முகப்பில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் கெம்பு’ கூட ஸ்பினல்தான். முகலாயர்கள் அதன்மேல் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். ‘தைமூர் கெம்பு’ என்று பெயர் பெற்ற 352.5 கேரட் ஸ்பினலில் ஜஹாங்கீர், ஷாஜஹான் முதல் நாதிர் ஷா, அகமது ஷா துரானி வரை பெயர்கள் இருக்கின்றன. வென்றவர், முன்னவர் பெயரை அழிக்காமல் தம் பெயரைப் பக்கத்தில் சேர்த்தார். கல்லின் மேல் ஓர் அரச வமிசாவளி.

முத்தின் கதைதான் ஐதராபாத்தில் இன்றும் தெருவில் நடமாடுகிறது. கடல் இல்லாத ஊர் முத்து நகரம் ஆனது நிஜாம்களின் விருப்பத்தால். பாரசீக வளைகுடாவில் மூழ்கியெடுத்து பஸ்ரா வழியாக வந்த முத்துக்களை அவர்கள் வாங்கிக் குவித்தார்கள். தரம் பிரிக்கவும் துளையிடவும் கோக்கவும் தெரிந்தவர்கள் அரண்மனையைச் சுற்றிக் குடியேறினார்கள். நிஜாம் நகைகளில் பெயர் பெற்ற சத்லடா என்பது ஏழு சரம் பஸ்ரா முத்துமாலை. இன்று சார்மினாருக்கு அருகே பத்தர்கட்டிக் கடைகளில் விற்பனையாகும் முத்துக்களில் பெரும்பகுதி சீனாவின் வளர்ப்பு நன்னீர் முத்து. துளையிட்டுக் கோக்கும் கைத்திறன் மட்டும் பழைய ஐதராபாத்தின் சொத்து.

காலணிக்குள் கிடந்த வைரம்

ஐதராபாத்தின் மிகப் பிரபலமான வைரம் கோல்கொண்டாவில் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப், சிம்லாவில் கடை வைத்திருந்த அரும்பொருள் வணிகர். இரட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் வரும் லர்கன் சாகிப் பாத்திரத்துக்கு இவரே மாதிரி.

1891இல் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானுக்கு இந்த வைரத்தை விற்க ஜேக்கப் பேரம் பேசினார். நிஜாமின் அந்தரங்கப் பணியாளர் ஆல்பர்ட் ஆபிட் இடையில் நின்றார். இன்றைய ஐதராபாத்தின் ஆபிட்ஸ் கடைவீதிக்குப் பெயர் தந்தவர் அவர். விலை 46 லட்சம் ரூபாய் என்று முடிவாகி, பாதித் தொகையான 23 லட்சம் முன்பணமாகப் போனது. சமஸ்தானம் கடனில் இருக்கும்போது இவ்வளவு பெரிய செலவா என்று ஆங்கிலேய ரெசிடென்ட் எதிர்த்தார். வைரம் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு என்றார் நிஜாம். ஜேக்கப்பால் கொடுக்க முடியவில்லை. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆளும் நிஜாம் ஒரு விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து சாட்சியம் சொல்ல நேர்ந்தது. ஐதராபாத் அரசவை அதைப் பெரும் அவமானமாகக் கருதியது. ஜேக்கப் விடுதலையானார், ஆனால் வழக்கு அவருடைய வணிகத்தை அழித்துவிட்டது. கடைசியில் 23 லட்சத்துக்கே வைரம் நிஜாமிடம் வந்தது.

வந்ததே தவிர, மஹ்பூப் அலி கான் அதைத் தலையில் சூடவில்லை. 184.75 கேரட் வைரம், 39.5 மில்லிமீட்டர் நீளம், 29.25 அகலம், 22.5 உயரம், 58 பட்டைகள். கோஹினூரைவிட முக்கால் மடங்கு கூடுதல் எடை. எந்த அரசரும் முடியின் நடுவே வைக்கத் துடித்திருக்கக்கூடிய கல்லை அவர் அபசகுனமாகக் கருதி ஒதுக்கினார். அவர் மறைந்த பிறகு, தந்தையின் காலணி ஒன்றின் முனையில் அதைக் கண்டெடுத்தார் மகன் உஸ்மான் அலி கான். எடுத்தவர் அதைக் காகிதங்களின் மேல் பாரமாக வைத்துக்கொண்டார். உலகின் முதல் பணக்காரர் என்று 1937 பிப்ரவரி 22 இதழின் அட்டையில் ‘டைம்’ பத்திரிகை போட்டது இவரைத்தான். மகுடத்துக்கு உரிய கல்லை மேசைமேல் வைத்தது அவருடைய சிக்கனத்தையும் செல்வத்தையும் ஒருசேரச் சொல்லும் கதையாக ஐதராபாத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. கல்லுக்கு இயல்பாக ஒரு பொருள் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த வைரத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். தந்தைக்கு அது அவமானத்தின் நினைவு, மகனுக்கு அன்றாடப் பொருள்.

லண்டனுக்குப் போன ரோஜாக்கள்

1947 நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத்துக்குத் திருமணம். தம் பரிசாக எதை வேண்டுமானாலும் இளவரசியே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று கார்டியே நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்பினார் உஸ்மான் அலி கான். இளவரசி ரோஜாப் பூக்கள் கொண்ட வைரத் தலையணி ஒன்றையும் கழுத்தணி ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஐதராபாத் இந்தியாவிலும் சேராமல், தனி நாடாக ஏற்கப்படாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. திருமணம் முடிந்த ஒன்பதாம் நாள், நவம்பர் 29இல், இந்திய அரசோடு நிஜாம் நிலைநிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

நிஜாம் கொடுத்த தலையணியை ராணி எலிசபெத் 1973இல் பிரிக்கச் சொன்னார். ரோஜாக்கள் மார்பு ஊசிகளாயின. மீதி வைரங்களோடு, பர்மிய மக்கள் அதே திருமணத்துக்கு அளித்திருந்த 96 கெம்புகளைச் சேர்த்துப் புதிய தலையணி ஒன்றைக் கேரார்டு நிறுவனம் செய்தது. மனித உடலைத் தாக்கும் 96 நோய்களிலிருந்து அந்த 96 கெம்புகள் காக்கும் என்பது பர்மிய நம்பிக்கை. முடி தரிக்காத நிஜாமின் வைரங்கள், ஒரு பௌத்த நாட்டின் காப்புக் கற்களோடு சேர்ந்து, பிரிட்டிஷ் ராணியின் தலையில் ஏறின. கழுத்தணி பிரிக்கப்படாமல் இருக்கிறது. 2014இல் இன்றைய வேல்ஸ் இளவரசி கேத்தரின் அதை அணிந்து லண்டன் நிகழ்ச்சி ஒன்றில் தோன்றினார்.

பெட்டகத்தில் இருக்கும் 173

சமஸ்தானம் போனபின் உஸ்மான் அலி கான் தம் நகைகளில் முக்கியமானவற்றை 1951, 1952 ஆண்டுகளில் இரண்டு அறக்கட்டளைகளின் பெயரில் எழுதிவைத்தார். 1967இல் அவர் மறைந்தார். அவற்றை விற்கும் முயற்சி எழுபதுகளில் தொடங்கியது. வெளிநாட்டு ஏலக்கூடங்கள் ஆர்வம் காட்டின. நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று இந்திய அரசு தலையிட்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்கும் நீதிமன்ற நடவடிக்கைக்கும் பின், 1995இல் சுமார் 218 கோடி ரூபாய் கொடுத்து 173 நகைகளை அரசே வாங்கியது. ஜேக்கப் வைரம், சத்லடா, சர்பேச்சுகள், புஜக்கட்டுகள், இடுப்புக் கச்சைகள், பொத்தான்கள் எல்லாம் அதில் அடக்கம். வெளிச்சந்தையில் இதைப் போல் பலமடங்கு விலை போயிருக்கும். அந்தக் கொள்முதல், சுதந்திர இந்தியா தன் பாரம்பரியத்துக்குச் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று.

அதன்பின் நடந்ததுதான் வருத்தம் தருவது. 2001இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும், 2001, 2006இல் ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும், 2007, 2019இல் மீண்டும் தில்லியிலும் கண்காட்சிகள் நடந்தன. மற்ற ஆண்டுகள் முழுவதும் அவை ரிசர்வ் வங்கியின் பெட்டகத்துக்குள் இருக்கின்றன. 2006க்குப் பின் பிறந்த ஐதராபாத் பிள்ளைகளில் எவரும் தங்கள் ஊரின் நகைகளைத் தங்கள் ஊரில் பார்த்ததில்லை.

பாதுகாப்பு பெரிய கேள்விதான். 2025 அக்டோபரில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் அப்பல்லோ கூடத்தில் பட்டப்பகலில் பிரெஞ்சு அரச நகைகள் திருடு போனதை உலகமே பார்த்தது. தாமஸ் பிட்டின் ரீஜென்ட் வைரம் அதில் தப்பியது. ஆனால் இதற்கு வழி கண்ட நாடு ஒன்று இருக்கிறது. ஈரான் தன் அரச நகைகளை, கோல்கொண்டாவிலிருந்து போன தரியா-இ-நூர் வைரம் உட்பட, தெஹ்ரானில் உள்ள மத்திய வங்கியின் கருவூலத்திலேயே காட்சிக்கு வைத்துப் பொதுமக்களை அனுமதிக்கிறது. வங்கியின் காவலும் இருக்கிறது, மக்களின் பார்வையும் இருக்கிறது.

ஐதராபாத்தில் ரிசர்வ் வங்கியின் அலுவலகம் இருக்கிறது. சாலார் ஜங் அருங்காட்சியகம் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். கண்காட்சியை இரண்டு முறை ஏற்று நடத்திய அனுபவமும் அதற்கு உண்டு. ஒன்றிய பண்பாட்டு அமைச்சகமும் தெலங்கானா அரசும் ரிசர்வ் வங்கியும் கூடிப் பேசினால் 173 நகைகளுக்கும் அந்த நகரில் ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம் அமைப்பது இயலாத காரியமல்ல. அரசு அவற்றை மக்களின் பணத்தில் வாங்கி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இனியும் காலம் தாழ்த்தாமல் அவற்றை ஐதராபாத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

(தொடரும்)